மருந்து வைக்காத பெடல்

1

ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம் முடிந்ததை, எங்கள் ஊர் அயல்நாட்டவர் அலுவலகம் எனக்கு ஒரு டோக்கன் கொடுத்துக் கொண்டாடியது. எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன், பாருங்கள். காஸெல் என்ற ஊர். ஆமத்தூர்க்காரன் ஒருவன் காஸெலை எங்கள் ஊர் என்று எழுதினால் அவனுக்கு விசா நீட்டிப்பு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த அலுவலகத்தில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் தொழில் என்ன என்று கேட்டார். சலவை இயந்திரக் கம்பெனியில் பொறியாளர் என்று சொல்ல வேண்டும். பத்து வருட ஜெர்மன் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. "நான் ஒரு சலவை இயந்திரம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் நல்ல பதில்களை அவர் கேட்டிருப்பார் போல. அமைதியாகத் தட்டச்சு செய்தார்.

யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை. துணி துவைத்து முடித்ததும் மெஷின் ஒரு சத்தம் போடுமே, மூன்று படி ஏறி ஒரு படி இறங்குகிற மாதிரி நாலு ஸ்வரம், அதுதான் நான். எங்கள் கம்பெனி மெஷின்களின் அந்தச் சத்தத்தைப் போட்டவன் நான். மகிழ்ச்சியாக இருக்க வேண்டும், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது என்று மாதக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்த நாலு ஸ்வரம். இந்த நாட்டில் எத்தனையோ வீடுகளில் அது தினமும் ஒலிக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டிலேயே பார்ப்பதில்லை.

அந்த அலுவலகத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோதுதான் என் மைத்துனன் ஜெபராஜிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் அவன் சொன்ன வார்த்தைகள் இவை:

"அத்தான், ஒங்க பெட்டிய கோயில்ல ஏலம் விட்டுட்டாக!"

அந்தப் பெட்டிக்குள் ஒன்றுமே கிடையாது என்பது அதுவரை எங்கள் குடும்பத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும்.

2

ஜெபராஜ் என் மனைவி ஹெலனின் தம்பி. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறான். பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற லேபிள்தான் அவனுடைய வேலை. வாரம் ஆறு நாள் அது. ஏழாம் நாள் ஆமத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கோயிலில் கிட்டார் வாசிப்பான். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். விரல் நகத்தில் இருக்கிற மை ஞாயிற்றுக்கிழமை வரை போகாது. சில வாரம் நீல விரலோடு வாசிப்பான், சில வாரம் சிவப்பு விரலோடு. எந்தக் கம்பெனி லேபிள் ஓடுகிறது என்பதை அவன் வாசிப்பதைப் பார்த்தே கொயர் பாடகர்கள் சொல்லிவிடுவார்கள்.

எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது ஹெலனோடு பேசியதைவிட இவனோடு கிட்டாரைப் பற்றிப் பேசியது அதிகம். ஹெலன் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்றால், கோயிலில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். ஆர்கன் சத்தம் இல்லாமல் கீர்த்தனை பாடினால் மிளகாய் கிள்ளிப் போடாத குழம்பு மாதிரி இருக்கிறது என்று சபையில் குறை. அப்போது என் மகள் ஷைனி, வீடியோ காலில் தன் மாமாவுக்கு ஒரு மென்பொருளைக் காட்டினாள். கிட்டாரை லேப்டாப்பில் இணைத்து ஒரு கம்பியை மீட்டினால், அது என்ன ஸ்வரம் என்று அந்த மென்பொருள் கண்டுபிடித்து, அதே ஸ்வரத்தை நாம் கேட்கிற வாத்தியத்தின் குரலில் வாசிக்கும். கிட்டாரைத் தட்டினால் ஆர்கன் வரும், வயலின் வரும், வேண்டுமென்றால் நாதஸ்வரமும் வரும்.

ஜெபராஜ் அசந்துபோனான். உடனே பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, அடுத்த ஞாயிறே கோயிலுக்குள் கொண்டுபோய்விட்டான். முதல் இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாம் வாரம் பிரசங்கத்துக்கு முந்தின பாட்டில், லேப்டாப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளப் போவதாக அறிவித்து நீலத் திரையோடு தியானத்தில் உட்கார்ந்துவிட்டது. அது எழுந்திருப்பதற்குள் பிரசங்கமே முடிந்துவிட்டது.

அதைக்கூட மன்னித்தார்கள். ஆனால் இந்த மென்பொருளுக்கு ஒரு வியாதி உண்டு. கை லேசாகக் கம்பியில் உரசினால் போதும், நாம் வாசிக்காத ஸ்வரத்தை வாசித்தோம் என்று நினைத்துக்கொள்ளும். பேய் நோட்டு என்று வாசிப்பவர்கள் சொல்வார்கள். திருவிருந்து அன்றைக்கு, எல்லோரும் முழங்காலில் நின்று மௌனமாக ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, ஜெபராஜின் சட்டைக் கை கம்பியில் பட்டது. முந்தின பாட்டுக்கு அவன் வைத்திருந்த வாத்தியம் ட்ரம்பெட். கோயில் முழுக்கக் கேட்கும்படி ஒரே ஒரு ஊதல்.

சபைச் செயலர் சாமுவேல் வாத்தியார், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஏலே ஜெபராசு, நியாயத்தீர்ப்பு நாளைக்குத்தாம்லே எக்காளம் ஊதணும்னு வேதத்துல போட்டிருக்கு. நீ எதுக்குலே இன்னைக்கே ஊதுன? பாதிப் பேரு பயந்து கண்ணத் தொறந்துட்டாக!"

அத்தோடு லேப்டாப்புக்குத் தடை. கமிட்டி கூடியது. விருதுநகரிலிருந்து சம்பளத்துக்கு ஒரு கீபோர்டு வாசிப்பவரைக் கூட்டி வருவது, கிட்டார் இனி தேவையில்லை என்று பேச்சு. தீபாவளிக்கு முந்தி வரும் ஸ்தோத்திரப் பண்டிகை வரைக்கும் பார்க்கலாம் என்று வாத்தியார் ஒரு தவணை கொடுத்தார். அன்று சாயங்காலம் ஜெபராஜ் எனக்குப் போன் செய்தான். எப்போதும் கேலி பேசுகிறவன், அன்றைக்கு ஒரு கேலியும் இல்லை.

"வாரம் ஆறு நாளு மிஷின் சத்தம் அத்தான். ஞாயித்துக்கிழமை ஒரு நாளுதான் நான் போடுற சத்தம். அதையும் நிப்பாட்டிட்டாகன்னா நான் எங்கன போயி ஒக்கார?"

என் சத்தத்தை யாரும் கேட்பதில்லை என்று புலம்புகிறவனுக்கு இது புரியாமல் இருக்குமா? "இருடா மாப்ள, லேப்டாப்பே இல்லாம ஒரு பெட்டியா பண்ணிருவோம்" என்றேன். "காலால மிதிக்கிற பெடல். கிட்டார் ஒரு பக்கம் போகும், ஆர்கன் மறு பக்கம் வரும்."

சொல்லிவிட்டேன். சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

3

ஹெலன் இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நான் ஜெர்மனிக்கு வந்ததே அவள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான். ஆகையால் வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதையை நீங்களே கணித்துக்கொள்ளலாம். பெடல் விஷயத்தைச் சொன்னதும் அவள் சொன்னாள்:

"போன வருசம் தன்னால தோசைய திருப்புற கல்லு. அதுக்கு முந்தி மழை வந்தா தன்னால மடங்குற துணிக்கொடி. இப்பம் பெடலா? நல்லா இருங்க."

அவள் சொல்வதில் தப்பில்லை. நான் மனத்துக்குள் கட்டிய சாமான்களை எல்லாம் கப்பலில் ஏற்றினால் தூத்துக்குடித் துறைமுகம் தாங்காது. ஆனாலும் இந்தப் பெடலை நான் கற்பனை செய்த மாதிரி வேறு எதையும் செய்ததில்லை. பஸ்ஸில் போகும்போது செய்தேன். கூட்டங்களில் செய்தேன். மேலாளர் பேசும்போது தலையாட்டிக்கொண்டே செய்தேன்.

கடையில் விற்கிற பெடல்கள் எல்லாம் பூட்ஸ் காலுக்குச் செய்தவை. எங்கள் கோயிலில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். வெறுங்காலில் அந்த இரும்புக் குமிழை மிதித்தால், ஒரு கீர்த்தனை முடிவதற்குள் உள்ளங்காலில் காய்ப்புக் காய்த்துவிடும். ஆகவே குமிழுக்கு மேலே அகலமாக ரப்பர் மூடி. திரை கிடையாது. இன்டர்நெட் கிடையாது, புதுப்பித்தல் என்ற பேச்சே கிடையாது. கரண்ட் போனால் பைக் பேட்டரியில் ஓட வேண்டும். ஆர்கன், வயலின், புல்லாங்குழல், கல்யாணத்துக்கு நாதஸ்வரம் என்று நாலு குரல். ட்ரம்பெட் கண்டிப்பாகக் கிடையாது.

சமையலறை மேசையில் இதையெல்லாம் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஷைனி தண்ணீர் குடிக்க வந்தாள். பதினைந்து வயது. அவளிடம் மிச்சம் இருக்கும் தமிழ் "ம்", "சரி", "பசிக்கல". நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அதையும் பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து சொல்வாள். தண்ணீர் தம்ளரோடு நின்று படத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கி, அடிக் கம்பிகளில் சத்தம் தாமதமாகத்தான் வரும், அதற்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. தடித்த கம்பி மெதுவாக அதிரும். அது இரண்டு முறையாவது போய் வந்தால்தான் என்ன ஸ்வரம் என்று மென்பொருளுக்கே தெரியும். அதற்குள் பாடுகிறவர்கள் அரை எழுத்து முன்னால் போயிருப்பார்கள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிச் சோறு ஆறிப்போகும் வரை சண்டை போட்டோம். ஹெலன் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு, மூன்றாம் முறை எட்டிப் பார்த்தாள். மகளும் அப்பாவும் ஒரே மேசையில் இருப்பதைக் கண்டு சத்தமில்லாமல் போய்விட்டாள்.

4

இங்கே நான் ஒரு சாம்பிள் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவர். தகரப் பெட்டி நிறைய சரத்தையும் பூச்சட்டியையும் ராக்கெட்டையும் அடுக்கிக்கொண்டு ரயிலேறி வடக்கே போவார். ரயிலில் வெடிமருந்து கொண்டுபோக முடியாது. ஆகையால் அந்தப் பெட்டியில் இருப்பது எல்லாம் சாம்பிள். வெளியே பளபளவென்று லேபிள், உள்ளே காற்று. மருந்து வைக்காத வெடி. வியாபாரிகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, லேபிளைத் தடவி, ஆர்டர் கொடுப்பார்கள். ஆர்டர் வந்த பிறகுதான் கம்பெனியில் சரக்குச் செய்வார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. எங்கள் பக்கத்தில் வியாபாரம் என்றாலே இப்படித்தான்.

நான் அந்தச் சாம்பிள்களை வைத்து விளையாடி வளர்ந்தவன். ஒன்றும் வெடிக்காது என்று தெரிந்தே கொளுத்துவதுபோல் பாவனை செய்து, காதைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். நிஜ வெடியென்றால் எனக்கு இன்றைக்கும் பயம். புத்தாண்டுக்கு இங்கே தெருவெல்லாம் வெடிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், நீ பட்டாசு ஊர்க்காரன் அல்லவா, நீயே ஆரம்பித்து வை என்று ஊதுபத்தி அளவுக்கு ஒரு தீக்குச்சியை நீட்டுவார். எங்கள் ஊரில் பட்டாசு செய்வார்கள் ஐயா, வெடிப்பது எல்லாம் வெளியூர்க்காரர்கள் என்று சொல்வேன். அவர் நம்புவதில்லை.

ஆக, பெடலுக்கும் முதலில் ஒரு சாம்பிள் செய்தேன். அலுமினியப் பெட்டி. ரப்பர் மூடி போட்ட மிதிகுமிழ். மிதித்தால் எரிய, எங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட மெஷினிலிருந்து ஒரு சிவப்பு விளக்கு, அதற்கு ஒரு பட்டன் பேட்டரி. மிதிக்கும்போது நழுவாமல் இருக்க உள்ளே ஒரு இரும்புத் துண்டு. அவ்வளவுதான். ஜெபராஜ் வெறுங்காலில் மிதித்துப் பார்த்து, உயரம் சரியா, குமிழ் குத்துகிறதா என்று சொல்ல வேண்டும். பிறகுதான் உள்ளே சரக்கு.

அதற்குள் அவன் அங்கே லேபிளே அடித்து அனுப்பிவிட்டான். பூச்சட்டி லேபிள் ஓடுகிற தாளின் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததாம். ஒரு பச்சைக் கிளி கிட்டார் வாசிக்கிறது, பின்னால் பொறி பறக்கிறது, மேலே கொட்டை எழுத்தில் 'ஷைனி பெடல்'. பழக்க தோஷத்தில், அடியில் 'பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும்' என்ற வரியும் நின்றுவிட்டது. ஷைனி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். அதை எடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டாள்.

5

அப்போது என் மாமியார் ரூபி டீச்சர் எங்களோடு இருந்தார். மூன்று மாத விசாவில் மகளைப் பார்க்க வந்தவர். வந்த முதல் வாரம் அவருக்கு இங்கே ஒன்றும் பிடிக்கவில்லை. பேச ஆள் இல்லை, வெயில் இல்லை, சாப்பாட்டில் உறைப்பு இல்லை. பிறகு எங்கள் வாஷிங் மெஷினோடு அவருக்கு ஒரு சிநேகம் வந்துவிட்டது. அது நாலு ஸ்வரம் பாடியதும் எங்கே இருந்தாலும் எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு போய்விடுவார். பாதிச் சாப்பாட்டில் எழுவார், பாதி ஜெபத்தில்கூட எழுவார். "இருங்க அத்தை, அது நாள்பூரா காத்திருக்கும்" என்றால் கேட்கமாட்டார். "கூப்புடுதுல்ல மாப்ள, பாவம்" என்பார்.

அவர் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியை அவரிடம் கொடுத்தனுப்பினேன். ஜெபராஜிடம் கொடுங்கள், அவன் பார்த்துக்கொள்வான் என்று மட்டும் சொன்னேன். உள்ளே ஒன்றுமில்லை என்பதை விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இருந்த சந்தோஷத்தில் எனக்கு வாய் வரவில்லை. மருமகன் ஜெர்மனியில் ஒரு மெஷின் செய்துவிட்டார் என்று தெருவுக்கே போன் போட்டுச் சொல்லி முடித்திருந்தார்.

ஜெர்மனி விமான நிலையத்திலும் துபாயிலும் அந்தப் பெட்டியை யாரும் சட்டை செய்யவில்லை. மதுரை விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். அதிகாரி பெட்டியைக் கையில் எடுத்து ஆட்டினார். இரும்புத் துண்டு கடகடவென்றது.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"தெரியல சார். மருமகன் செஞ்சது."

"சுவிட்சு இருக்கு, செவப்பு லைட்டு இருக்கு. வெடிக்கவும்னு எழுதிருக்கு. நீங்க எந்த ஊரு?"

"சிவகாசிப் பக்கம் சார்."

அதிகாரி இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். ரூபி டீச்சர் பயப்படவில்லை. பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்து, அங்கேயே நின்று, இந்த அதிகாரிகளுக்கு நல்ல ஞானத்தைத் தாரும் என்று வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் ஜெபம் சீக்கிரத்தில் முடியாது. அது தெரிந்ததாலோ என்னவோ, திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். "ஒண்ணுமே இல்லையே" என்று ஒருவர் சொன்னது அத்தையின் காதில் விழுந்திருக்கிறது. ஆபத்தானது ஒன்றும் இல்லை என்று அவர் அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

6

எங்கள் சபையில் முதற்பலன் என்று ஒரு வழக்கம் உண்டு. முதல் சம்பளம், தோட்டத்தின் முதல் காய், கோழியின் முதல் முட்டை, எதுவானாலும் முதலில் வருவது கோயிலுக்கு. ஸ்தோத்திரப் பண்டிகை அன்று எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் வைத்துப் படைப்பார்கள். ஆராதனை முடிந்து, சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாடும் முடிந்ததும், அந்தச் சாமான்களை மரத்தடியில் ஏலம் விடுவார்கள். ஹெலன் இங்கே வாங்கிய முதல் மாதச் சம்பளமும் அப்படித்தான் போனது. நாங்கள் அந்த மாதம் கடன் வாங்கிச் சாப்பிட்டோம்.

மருமகனின் கை செய்த முதல் மெஷினை ரூபி டீச்சர் வேறு என்ன செய்வார்?

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த சீசன். ஜெபராஜுக்கு இரட்டை ஷிஃப்ட், படுக்கையும் அச்சகத்திலேயே. பெட்டி வந்து சேர்ந்ததே அவனுக்குத் தெரியாது. பண்டிகை அன்று காலை அரைத் தூக்கத்தோடு கொயரில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவே, கால் கட்டிய சேவலுக்குப் பக்கத்தில், பச்சைக் கிளி கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஐயர் என்று அழைக்கும் குருவானவர் அதன்மேல் கை வைத்து, ஜெர்மனி தேசத்தில் இருக்கிற உம்முடைய ஊழியனின் கைகளின் கிரியையை ஆசீர்வதியும் என்று ஜெபித்தார். சபை ஆமென் சொன்னது. ஜெபராஜும் சொன்னான். வேறென்ன செய்ய முடியும்?

பிறகு நடந்ததை அவன் போனில் சொல்லச் சொல்ல, அயல்நாட்டவர் அலுவலகத்தில் என் நம்பர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

ஏலத்தில் பெட்டி வந்ததும் சாமுவேல் வாத்தியார் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். "ஏலே ஜெபராசு, இங்கன வா. இத எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு. அப்பந்தான் கேக்குறவுக கேப்பாக."

"நான் நடுங்கிட்டேன் அத்தான்," என்றான் ஜெபராஜ். "அம்மா முன்னாடி வரிசையில ஒக்காந்து எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பாக்குறாக. மூஞ்சி அம்புட்டு பிரகாசம். பொய் சொல்லிரலாமான்னு வாயி வரைக்கும் வந்துருச்சு. கரண்டு பத்தாது, வயரு இல்லன்னு. ஆனா ஐயர் கை வச்சு ஜெபம் பண்ணுன பெட்டி. எப்படிப் பொய் சொல்ல?"

"என்னடா சொன்ன?"

"'வாத்தியாரய்யா, இது சாம்பிளு. உள்ள இன்னும் மருந்து வைக்கல'ன்னேன்."

மரத்தடியில் கூடியிருந்தது யார்? திரி சுற்றுகிறவர்கள், லேபிள் ஒட்டுகிறவர்கள், என் அப்பாவைப் போல் தகரப் பெட்டி தூக்கியவர்கள். யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை என்றான் ஜெபராஜ், "அட, சாம்பிளா, அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்கிற சிரிப்பு. பெட்டி கைமாறிக் கைமாறிப் போனது. மிதித்துப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது. லேபிளைத் தடவிப் பார்த்து, கிளி நல்லா விழுந்திருக்கு என்றார்கள். பிறகு ஏலம் சூடு பிடித்தது.

கடைசியில் மூன்று தரம் சொல்லி அதை எடுத்தது சாமுவேல் வாத்தியாரேதான். தனக்கு இல்லை, கோயிலுக்கு.

"சாம்பிள் பாத்தாச்சு, ஆர்டர் குடுத்தாச்சு. சரக்கு எப்பம்லே வரும்?"

ஜெபராஜுக்கு வாயில் வந்தது கிறிஸ்துமஸ்.

"சரி, கிறிஸ்துமஸ் வரைக்கும் நீயி கொயர்ல இரு. வெளியாளு ஒருத்தரும் வேண்டாம். சரக்கு வரலன்னு வையி, கிட்டார வீட்டுல வச்சிட்டு வந்து மத்தவுக மாதிரி பெஞ்சுல ஒக்காந்துக்கிடணும். என்ன, சரியா?"

என் மாமியார் மட்டும் கொஞ்சம் வாடிப்போனாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் போனில் பேசியபோது ஒரே வாக்கியம்தான் சொன்னார். "பரவாயில்ல மாப்ள, செஞ்சிருவீக." அதைத் திட்டாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

7

அதற்கப்புறம் கற்பனைக்கு நேரமில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கணினிப் பலகை வாங்கினோம். பெட்டி கோயில் பீரோவில், திருவிருந்துக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் பூட்டியிருந்தது. சபைச் சொத்தை ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்ப வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே ஜெபராஜ் ஸ்கேல் வைத்து அளந்து சொல்ல, அந்த அளவுக்கு உள்ளே வைக்கிற சாமானை மட்டும் நாங்கள் செய்தோம். மென்பொருள் பாதி நான், பாதி ஷைனி. உண்மையைச் சொன்னால் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே ஷைனி. பேய் நோட்டை அவள்தான் விரட்டினாள். கம்பியில் உரசுவதற்கும் வாசிப்பதற்கும் வித்தியாசத்தைக் கற்றுக்கொடுக்க, என் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் கிட்டாரை உரசிக்கொண்டிருந்தாள்.

அடிக் கம்பியின் தாமதம் மட்டும் முழுதாகப் போகவில்லை. வீடியோ காலில் மாமாவிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் அதைச் சொன்னாள். பாதி ஜெர்மன், பாதி தமிழ், மிச்சம் கையால். ஜெபராஜ் புரிந்துகொண்டு சிரித்தான்.

"ஏ குட்டி, திரியக் கொளுத்துனா ஒடனேவா வெடிக்கும்? கொஞ்சம் நேரம் பிடிக்கத்தான் செய்யும். நான் முந்தியே தட்டிக்கிடுதேன், நீ கவலப்படாத."

பார்சலில் போன சாமானை ஜெபராஜ் பெட்டிக்குள் பொருத்தினான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. கொயரில் ஒரு பெண் போனைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குக் காட்டினாள். நாங்கள் மூன்று பேரும் இங்கே படுக்கையில் போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தோம். ஜெபராஜ் வெறுங்காலோடு, சிவப்பு நகங்களோடு நின்றான். சாமுவேல் வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். மூன்றாம் வரிசையில் ரூபி டீச்சரின் வெள்ளைச் சேலை தெரிந்தது.

ஜெபராஜ் பெடலை மிதித்தான். விளக்கு எரிந்தது. ஒன்றுமில்லை. குட்டிக் கணினி விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரமாகும் என்று எனக்குத் தெரியும். வாத்தியாருக்குத் தெரியாது.

பிறகு கோயில் நிறைய, ஆர்கன் குரலில், மூன்று படி ஏறி ஒரு படி இறங்கியது. என் நாலு ஸ்வரம். மெஷின் தயார் என்பதற்கு ஷைனி எனக்குத் தெரியாமல் வைத்த அடையாளச் சத்தம். நான் திரும்பிப் பார்த்தேன். போர்வையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வரிசையில் ரூபி டீச்சர் எழுந்துவிட்டார். சேலையைச் செருகிக்கொண்டு, பெஞ்சைத் தாண்டி இரண்டடி நடந்தும்விட்டார்.

"டீச்சர், எங்க போறீக?" என்றார் வாத்தியார்.

"துணி…" என்றவர் அங்கேயே நின்றார். சுற்றிப் பார்த்தார். சபை மொத்தமும் அவரைப் பார்த்தது.

அவரைக் காப்பாற்றியது ஜெபராஜ்தான். நிற்கிறாரே, அதையே சாக்காக வைத்து, எழுந்து பாடுகிற பாட்டைத் தொடங்கிவிட்டான். அவன் ஒரு மயிரிழை முந்தித் தட்ட, ஆர்கன் சரியாகத் தாளத்தில் வந்து விழுந்தது. டீச்சரைப் பார்த்து எல்லோரும் எழுந்து பாடினார்கள். பாட்டு முடிந்ததும் வாத்தியார் குனிந்து பெட்டியைப் பார்த்தார். "சரக்கு சரியாத்தாம்லே இருக்கு. இங்கனயே இரு," என்றார். ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டான். கிட்டாரைச் சரி செய்கிறானா, கண்ணைத் துடைக்கிறானா என்று போனில் தெரியவில்லை. இந்தப் பக்கம் நான் தாராளமாகவே துடைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அத்தை போன் செய்தார். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அந்தச் சத்தத்தை அடுத்த வாரமே மாற்றிவிடுகிறோம், இனி உங்களைச் சங்கடப்படுத்தாது என்றேன்.

"அய்யோ, மாத்திராதீக மாப்ள," என்றார். "அது கேட்ட ஒடனே ஒங்க அடுப்பங்கரையில நிக்க மாதிரியே இருந்துச்சு. பிள்ள உள்ள கிட்டாரு வாசிக்கா, ஹெலன் ட்யூட்டிக்குக் கெளம்புதா, நீங்க என்னத்தையோ வரைஞ்சிட்டு இருக்கீக. அது இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்து, எங்கள் வீட்டு மெஷின் துவைத்து முடித்து நாலு ஸ்வரம் பாடியது. அத்தைக்கும் கேட்டிருக்க வேண்டும். "போங்க மாப்ள, கூப்புடுதுல்ல," என்றார்.

நான் போய்த் துணியை எடுத்தேன்.